கொடிமரத்தின் மூன்றாவது கயிறு

குருநகர்,
ஜூலை 28

அன்புள்ள கொலின்ஸ் அண்ணைக்கு,

மாதாவின் இரக்கத்தால் நானும் அம்மாவும் சுகம். பாரிசில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். தொலைபேசியில் என்னைக் கதைத்து முடிக்க நீங்கள் விடுவதில்லை. அதனால்தான் கடிதம். இதை இடையில் வெட்ட முடியாது.

ஓம், முதலாம் வருடத்தில் நிலையியல் பாடம் பெயில்தான். பொறியியல் எனக்குச் சரிவராது, விட்டுவிட்டு வா, மாப்பிள்ளை பார்த்திருக்கிறேன் என்கிறீர்கள். அம்மாவின் முடிவையும் கேட்டு எழுதச் சொன்னீர்கள். முதலில் கோயில் கொடிமரத்தின் கதையைக் கேளுங்கள்.

இம்முறை திருவிழாவுக்கு நாற்பது அடி மரம். வழக்கம்போல மூன்று பக்கமும் மூன்று கயிறு. கடல் பக்கத்துக் கயிறு சொரூபப் பவனியின் வண்டிக்கு இடைஞ்சலாம். அதன் முளையைப் பிடுங்கி, மற்ற இரண்டும் நிற்கிற தெருப் பக்கமே அடிக்கப்போவதாக இன்னாசித்தம்பி மாமா சொன்னார். “மூண்டு கயிறு மூண்டு கயிறுதானே, எங்கை கட்டினால் என்ன” என்றார்.

கோயில் மதிலில் இருந்து கணக்குப் போட்டேன். சோழகக் காற்று கடலிலிருந்து கொடியைத் தள்ளுகிறது. மரத்தின் அடியைப் பற்றித் திருப்பம் எடுத்தேன், அதாவது காற்றும் கயிறுகளும் மரத்தை எந்தப் பக்கம் சாய்க்கும் என்ற கணக்கு. எப்படிச் சமப்படுத்தினாலும் ஒரு கயிற்றின் இழுவையாவது மறையாகவே, கழித்தல் குறியோடு, வந்தது. பரீட்சையிலும் இப்படித்தான் வந்தது, அண்ணை. யோசிக்காமல் விடையின் கீழே இரண்டு கோடு போட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். மறை என்றால் அந்தக் கயிறு தள்ள வேண்டும். கயிறு எங்காவது தள்ளுமா? வள்ளத்தைக் கயிற்றில் கட்டுகிற வீட்டில் பிறந்த எனக்கு இது தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது.

கடல் பக்கம் கயிறு இல்லாவிட்டால் மரம் தெருவில் விழும் என்று மாமாவிடம் சொன்னேன். “பெயில் விட்ட பிள்ளை எங்களுக்குக் கணக்குப் படிப்பிக்குது” என்றார். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் முளையைக் கிளப்ப அலவாங்கை எடுத்துவர, நான் போய் முளையின் மேல் குந்தினேன். எழும்பவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அதற்கும் எழும்பவில்லை.

என்னை இழுத்துப்போக அம்மாவைக் கூப்பிட்டார்கள். மீன் சந்தையிலிருந்து ஓலைக் கடகத்தோடு வந்தார். “உண்மையாய் விழுமோ?” என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். கடகத்தை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்திவிட்டார். தமக்கையை எழுப்ப மாமாவுக்குத் துணிவு வரவில்லை. வண்டி மற்ற ஒழுங்கையால் போனது.

அன்று பின்னேரம் சோழகம் கூரைத் தகரங்களைக் கிளப்பியது. மரம் நின்றது. நான் சொன்னது சரி என்று ஒருவரும் சொல்லவில்லை. விழாத மரத்தைக் காட்டி எதை நிரூபிப்பது? எப்படிக் கட்டியிருந்தாலும் நின்றிருக்கும் என்று மாமா இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும்.

செப்ரெம்பரில் அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதுகிறேன். விமான ரிக்கற் போடாதீர்கள். போட்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

அம்மாவின் முடிவை நேற்று கேட்டேன். மீன் வெட்டிக்கொண்டு, நிமிராமலே, “நான் அதிலை குந்தினதை அவனுக்கு எழுது” என்றார். எழுதிவிட்டேன்.

ஆண்டவர் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். உங்கள் தங்கை கேட்பது ஒன்றுதான்: “படி” என்று ஒரு சொல். அது வந்தால் சந்தோசமாகப் படிப்பேன். வராவிட்டாலும் படிப்பேன்.

உங்கள் அன்புத் தங்கை,
மேர்சி