குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு

குராஷிகி, ஜப்பான்
6 மார்ச் 2005

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஜெபிஷா எழுதுவது. நான் சுகம். சவூதியில், தம்மாமில் உங்களுக்கும், ஊரில் லீமா மைனிக்கும் பிள்ளைகளுக்கும் சுகம்தானா? போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பிரிக்காமல் தூக்கிப் போட்டாலும் ஒருநாள் கை துறுதுறுக்கும். உங்களை எனக்குத் தெரியும்.

நான் பஹ்ரைனில், குதைபியாவில் நர்ஸாக இருந்த காலம் முழுக்க, கடல்பாலம் தாண்டி பஹ்ரைனுக்கு வருகிறேன், வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில் மனாமா மாதா கோயிலில் நடந்த என் கல்யாணத்துக்கும் வரவில்லை. அதைப் பற்றி இன்று எழுதப்போவதில்லை. இந்த ஊரைப் பற்றி யாரிடமாவது தமிழில் புலம்ப வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அண்ணா, இங்கே குப்பை போடுவதற்கே ஒரு படிப்பு வேண்டும். எரிகிற குப்பைக்கு ஒரு நாள், பிளாஸ்டிக்குக்கு ஒரு நாள், பாட்டிலுக்கு ஒரு நாள். போன மாதம் நாள் மாற்றிப் போட்டுவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் என் பை திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறது! பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து வைத்திருக்கிறாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திட்டியிருப்பேன். மறுநாள் பார்த்தபோது அவள் குனிந்து வணக்கம் சொல்கிறாள், நானும் குனிகிறேன். சண்டை போடக்கூட வழியில்லாத ஊர்.

ரயிலில் அத்தனை பேர் ஏறினாலும் ஆள் இல்லாத பெட்டி மாதிரி இருக்கும். நன்றிக்கும் மன்னிப்புக்கும் கடையில் ஆளைக் கூப்பிடுவதற்கும் ஒரே வார்த்தை. போனில் பேசும்போதும் குனிகிறார்கள், எதிரில் ஆளே இல்லை! கோயிலுக்குப் போனால், பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் கை கொடுப்பதில்லை. ஒருவரை ஒருவர் பார்த்து அங்கேயும் ஒரு கும்பிடு.

வீட்டில் குளிப்பதற்கு ஒரு தொட்டி வெந்நீர். மேலெல்லாம் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்றாலும், ஒருவர் இறங்கிய தண்ணீரிலேயே அடுத்தவரும் இறங்குகிறார். மாமியார் தினமும் என்னைத்தான் முதலில் போகச் சொல்கிறார். என்னை முதலில் முடித்து அனுப்பிவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறாரோ என்னவோ. அங்கே நர்ஸாக இருந்தவள் இங்கே நர்ஸ் இல்லை, என் படிப்பு செல்லாது. மீன் பதப்படுத்தும் கம்பெனியில் பாதி நாள் வேலை.

எல்லாவற்றையும்விட ஒன்று. நான் வந்த நாளிலிருந்து ஒருவரும் என்னைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்று கேட்கவில்லை.

பதில் போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
ஜெபிஷா


தம்மாம்
10 ஏப்ரல் 2005

ஜெபிஷாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் பிரிக்கவில்லை. என் ரூமில் இருக்கும் ராமநாதபுரத்துக்காரன் நாகலிங்கம் பிரித்து, "அண்ணே, தங்கச்சி அழுகுதுண்ணே" என்று கையில் கொடுத்தான். அதனால் படித்தேன்.

நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. பேச ஆளில்லை, படிப்புக்கு மதிப்பில்லை, சாப்பிட்டாயா என்று கேட்க நாதியில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு உன்னை வளர்த்தது இதற்கா? கத்தாரில் இருக்கும் சஜினுக்கு உன்னைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டார் முன்னால் தலை குனிந்து நின்றவன் நான். நீயோ அங்கே குப்பைப் பையின் முன்னால் குனிந்து நிற்கிறாய்.

நீ கட்டிக்கொண்ட ஜப்பான்காரன் பெயரே கெஞ்சி. பெண்ணைக் கேட்டு என்னிடம் வந்து ஒரு தடவையாவது கெஞ்சினானா?

குதைபியாவில் உன் பழைய ஆஸ்பத்திரியில் நம் ஊர்க்காரன் டெனிஷ் இப்போதும் இருக்கிறான். கேட்டேன். உனக்கு டூட்டி உண்டு என்கிறான். டிக்கெட் நான் அனுப்புகிறேன். புறப்பட்டு வா. கல்யாணத்தைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன்.

வில்பிரட்


குராஷிகி
19 ஜூன் 2005

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் வந்ததும் எவ்வளவு சந்தோஷமாகப் பிரித்தேன் தெரியுமா? படித்த பிறகு இரண்டு மாதமாக எழுதவே மனம் வரவில்லை. நான் புலம்பியதையே எனக்கு எதிராகச் சாட்சிக்கு நிறுத்திவிட்டீர்கள்.

குறை சொன்னேன், உண்மைதான். இங்கே இருக்கிறவள் நான், குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு. நம் வீட்டுக் குழம்பில் உப்பில்லை என்று நாம் சொல்வதில்லையா? அதற்காக வீட்டை விட்டா போவோம்? நீங்கள் இந்த ஊரைப் பார்த்ததே இல்லை. உங்களுக்கு அந்த உரிமை இல்லை.

கெஞ்சி கெஞ்சவில்லை என்று யார் சொன்னது? பஹ்ரைனில் வேலையில் இருந்தபோதே உங்களுக்கு மூன்று தடவை போன் செய்தார். மூன்று தடவையும் "ராங் நம்பர்" என்று வைத்தது யார்?

குளிக்கிற விஷயம் எழுதியிருந்தேனே, அதைக் கேளுங்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவரிடமே கேட்டுவிட்டேன், உங்கள் அம்மாவுக்கு என்னைக் கண்டால் ஏன் இந்த அவசரம் என்று. அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: "வீட்டில் முதல் குளியல் அப்பாவுடையது. அப்பா இறந்த பிறகு அந்த இடத்தை யாருக்கும் அம்மா கொடுக்கவில்லை, எனக்கும்கூட. நீ வந்த அன்றிலிருந்து உனக்குக் கொடுக்கிறார்." அண்ணா, நான் எதை எதுவாக நினைத்து அழுதுகொண்டிருந்தேன்!

போன மாதம் எனக்குக் காய்ச்சல். கெஞ்சி வெளியூர் சைட்டில் இருந்தார், மாமியார் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். நம் ஊரென்றால் தெருவே வந்து கட்டிலைச் சுற்றி நின்று மருந்து சொல்லும். இங்கே ஒருவரும் வரவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்தால் கைப்பிடியில் ஒரு பை தொங்குகிறது. உள்ளே கஞ்சி, ஆரஞ்சுப் பழங்கள். அதே பக்கத்து வீட்டுக்காரிதான், பை மடித்த மடிப்பிலேயே தெரிந்துவிட்டது. மணி அடித்தால் நான் எழுந்து வர வேண்டியிருக்கும் என்று அடிக்கவில்லையாம்.

நம் ஆட்கள் அளவுக்கு மீறி உள்ளே வருவார்கள். இவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். எது நல்லது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. சில நாள் இவர்களை எனக்குப் பிடிக்கிறது, சில நாள் பிடிக்கவில்லை. அதுதான் நிஜம்.

நீங்கள் தம்மாமுக்குப் போய்ப் பதினான்கு வருடமாகிறது. அந்த ஊரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், சொல்லுங்கள். கேம்ப், சைட், கேம்ப். அங்கத்து ஆட்களில் ஒருவர் வீட்டுத் தண்ணீராவது குடித்திருக்கிறீர்களா? பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று சொல்லவாவது உங்களுக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா?

கோபமாக எழுதிவிட்டேன். ஆனால் கிழித்துப் போடாமல் அனுப்புகிறேன். டிக்கெட் வேண்டாம்.

ஜெபிஷா


தம்மாம்
18 நவம்பர் 2005

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான்கு மாதத்துக்கு மேல் பதில் போடவில்லை. முதல் மாதம் கோபம். மற்ற மாதங்களெல்லாம், நீ கேட்டதற்குப் பதில் தேடினேன்.

பெருநாள் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை நாகலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு கத்தீஃப் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். பக்கத்து ஊர்தான், இத்தனை வருடத்தில் போனதில்லை. ரூமுக்கு மீன் வாங்குகிறவன் எப்போதும் வேறு ஒருவன். உள்ளே நுழைந்ததும் அந்த வாசனைக்கே எனக்குக் கால் நின்றுவிட்டது. ஒரு பெரியவர் நெய்மீன் வைத்திருந்தார். நான் செவுளைத் தூக்கிப் பார்த்து, வேண்டாம் என்று தள்ளிவிட்டு, அடியில் கிடந்த இன்னொன்றை இழுத்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"நீ கடல்காரனா?"

"நானில்லை. அப்பா."

என் அரபியெல்லாம் சைட் அரபி. சாமான் பெயரும் கெட்ட வார்த்தையும்தான் நன்றாக வரும். இருந்தாலும் அவர் விடவில்லை. நம் பக்கம் என்ன வலை, என்ன மீன், எந்த மாதம் கடல் மூடும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். கடையை மகனிடம் விட்டுவிட்டு, "யல்லா, வீட்டுக்கு வா" என்று எங்களை வண்டியில் ஏற்றினார். நாகலிங்கம் என் காதில், "என்னண்ணே, ஏதும் லோடு எறக்கவா கூப்புடுறாரு?" என்றான். எனக்கும் அதே சந்தேகம்தான்.

லோடு ஒன்றுமில்லை. சோறு. ஒரே பெரிய தாலத்தில் சோறும் மீனும். அவர், அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், நாங்கள் இருவர், எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். அபூ அலி என்று எல்லோரும் கூப்பிடுகிறார்கள். நல்ல துண்டாகப் பிய்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"சவூதியில் எத்தனை வருடம்?" என்றார். சொன்னேன்.

"எத்தனை வீட்டில் சாப்பிட்டிருக்கிறாய்?"

"மாஃபி" என்றேன். ஒன்றுமில்லை.

அவர் கையை நிறுத்திவிட்டார். "ஐப்" என்றார். வெட்கக்கேடு என்று அர்த்தம். தன் நெஞ்சைத் தொட்டு, "எங்களுக்கு" என்றார். பிறகு என்னைக் காட்டி, "உனக்கும் கொஞ்சம்" என்று சிரித்தார். நீ கேட்டதையே அவரும் கேட்டார், ஆனால் சோறு போட்டுக் கேட்டார்.

பிறகு குடும்பம் பற்றி விசாரித்தார். மனைவி, பிள்ளைகள், உடன்பிறப்பு. ஒரு தங்கை, ஜப்பானில் இருக்கிறாள் என்றேன். மாப்பிள்ளை? ஜப்பான்காரர், இன்ஜினியர் என்றேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நாகலிங்கம் சோற்றை வாயில் வைத்தபடி என்னையே பார்த்தான். வீடு முழுக்க "மப்ரூக், மப்ரூக்" என்று வாழ்த்துகிறது.

அபூ அலி கேட்டார்: "நல்லவனா?"

ஜெபிஷா, எனக்குத் தெரியாது. தங்கை புருஷனைத் தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வேன்? "நல்லவன்" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேன். அது உண்மையா என்று இனி நீதான் எழுத வேண்டும்.

நாளை வெள்ளிக்கிழமையும் கத்தீஃப் போகிறேன். இந்த ஊரில் எனக்குப் பிடிக்காதவை நிறைய இருக்கின்றன, இன்னொரு நாள் எழுதுகிறேன். எனக்கும் இப்போது கொஞ்சம் உரிமை வந்திருக்கிறது.

அன்புடன்,
உன் அண்ணன்


குராஷிகி
15 ஜனவரி 2006

என் அன்பு அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. நீங்கள் எழுதியது வியாழக்கிழமைபோல, வெள்ளிக்கிழமை தேதி போட்டு "நாளை வெள்ளிக்கிழமை" என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு அவசரமா அபூ அலி வீட்டுக்குப் போக!

கேட்டீர்கள், சொல்கிறேன். கெஞ்சி பேச மாட்டார். வேலையிலிருந்து வந்தால் செய்தித்தாளுக்குள் போய்விடுவார். என் பிறந்தநாளை மறந்தார். குழம்பு நன்றாக இருந்தாலும் நன்றாக இல்லாவிட்டாலும் அதே முகம். இதெல்லாம் குறை.

ஆனால் மாதம் ஒருநாள் ஆங்கிலப் பூசைக்கு என்னோடு ரயிலில் வருகிறார். அவருக்கு விசுவாசம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கடைசிவரை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், சமாதானம் சொல்லும்போது என் பக்கம் திரும்பிக் குனிவார். உங்களுக்கு நான் முதலில் எழுதிய குறைகளையெல்லாம் ஒருநாள் அவரிடமும் சொன்னேன். மறுநாள் மத்தியானம் கம்பெனியிலிருந்து போனில் ஒரு செய்தி, ஆங்கில எழுத்தில்: சாப்பிட்டியா. அன்றிலிருந்து தினமும் வருகிறது. சில நாள் நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் கேட்கிறார்.

நல்லவர், அண்ணா. நீங்கள் அபூ அலியிடம் சொன்னது பொய்யில்லை.

இன்னொரு சேதி. எனக்கு மே மாதம் பிரசவம்.

முதல் பேறுக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது நம் பக்கத்து வழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இங்கேயும் அப்படித்தானாம். மாமியார் ஒருநாள் என் முன்னால் வந்து உட்கார்ந்து, அகராதி வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "உனக்குத் தாய்வீடு இல்லை. அங்கிருந்து யார் வருவார்கள்?" நான் யோசிக்கவே இல்லை. "அண்ணன்" என்றேன். மறுநாள் காலையில் பார்த்தால் மாடி அறையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்களிடம் கேட்காமல் சொல்லிவிட்டேன். நீங்கள் அபூ அலியிடம் சொன்ன மாதிரிதான். சொன்னதை உண்மையாக்குவது இனி உங்கள் பாடு.

உங்கள் ஜெபிஷா


தம்மாம்
12 பிப்ரவரி 2006

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஜெபிஷாவின் அண்ணன் வில்பிரட் எழுதுவது. எனக்கு ஆங்கிலத்தில் இத்தனை எழுத வராது. இதை ஜெபிஷா உங்களுக்கு வாசித்துச் சொல்வாள். நடுவில் எதையாவது முழுங்கினால் விடாதீர்கள், மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.

நீங்களும் உங்கள் அம்மாவும் நலமா? ஜெபிஷாவைப் பாரம் தூக்க விடாதீர்கள். சொன்னால் கேட்க மாட்டாள், வாங்கி வைத்துவிடுங்கள். மீன் கம்பெனிக் குளிரில் இனி நிற்க வேண்டாம். இது அவளுக்கும் சேர்த்து எழுதுவது.

மே மாதத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். "ஊருக்கா?" என்று ஆபீசில் கேட்டார்கள். "ஜப்பானுக்கு" என்றேன். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். லீவு கிடைத்துவிட்டது. விசாவுக்கு உங்கள் பக்கமிருந்து அழைப்புக் கடிதம் வேண்டுமாம். லீமாவுக்கும் சேர்த்து அனுப்புங்கள். அவள் திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறுவாள். பிள்ளைகளை அவளுடைய அம்மா பார்த்துக்கொள்வார். பேறு பார்க்க லீமா இருந்தால்தான் ஜெபிஷாவுக்குத் தெம்பு. நான் வந்து என்ன செய்யப்போகிறேன்? உங்கள் ஊரைச் சுற்றிப் பார்த்து எனக்குப் பிடிக்காததையெல்லாம் உங்களிடம் சொல்வேன். நீங்கள் கோபப்படக் கூடாது. வந்து இருந்துவிட்டால் எனக்கும் அந்த உரிமை உண்டென்று உங்கள் மனைவிதான் சொல்லிக்கொடுத்தாள்.

உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், மாடி அறைக்காக அதிகம் சிரமப்பட வேண்டாம். கேம்ப் கட்டிலில் படுத்துப் பழகியவன், தரை போதும்.

இன்னும் ஒரு காரியம். எங்கள் பக்கத்தில் அப்பா இல்லாத வீட்டில், கல்யாணத்தன்று பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டியவன் அண்ணன். அது இன்னும் நடக்கவில்லை. நான் வந்த பிறகு ஒருநாள் நீங்கள் இருவரும் என் முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதற்குள் பிறந்திருந்தால் பிள்ளையும் பக்கத்தில் கிடக்கட்டும். தாய் தகப்பன் கல்யாணத்தைப் பார்க்கிற பாக்கியம் எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்காது.

உங்கள் மச்சான்,
வில்பிரட்