இரண்டு பேரும் தூங்குகிறார்கள்

நாள் 61, காலை 6:10
நிலவின் தென்துருவப் பனிச்சுரங்க வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கவேண்டிய செய்தி: பயிற்சித் தொழிலாளி நவிலன், வயது பதினேழு, தன் இடது சாக்ஸைக் கண்டுபிடித்தான். வலது சாக்ஸ் தலைமறைவு. தேடுதல் தொடர்கிறது.

மற்றபடி வழக்கம்தான். ஆறு பேர் வேலையை நானும் பிரிஸ்கா அக்காவும் பார்க்கிறோம். நால்வர் பூமிக்குத் திரும்பிவிட்டார்கள், அவர்கள் இலக்கு மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. இங்கே பனியும் பணியும் ஒன்று. இரண்டும் விரலை மரத்துப்போக வைக்கும்.

பகல் 2:40
இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு ரகசியம். எங்கள் மணிக்கட்டில் சோர்வுப் பட்டை உண்டு. நாடியைப் பார்த்து நிறம் மாறும். சிவப்பானால் எட்டு மணி நேரம் கட்டாயத் தூக்கம். மேற்பார்வையாளர் ஒலிபெருக்கியில் சொன்னது:

"பட்டையும் பச்சையா இருக்கணும், பனியும் குறையக் கூடாது. எப்படின்னு நீங்களே பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டேன். படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் சுரங்கத் தண்ணீர் பம்ப் ஓடுகிறது. குழாய் இளஞ்சூடு, நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு துடிப்பு. இரண்டு பட்டைகளையும் அதில் கட்டினேன். கணினி "ஆழ்ந்த உறக்கம்" என்றது. மேதை ஐயா நான்!

நாங்கள் பின்வாசல் வழியாகக் கீழே இறங்கிவிட்டோம். முப்பத்தோரு மணி நேரமாக விழித்திருக்கிறேன். களைப்பா, எனக்கா? அக்காவுக்குத்தான். ஃபிளாஸ்க் மூடியைக்கூட என்னிடம் நீட்டித் திறக்கச் சொல்கிறாள்.

மாலை 5:25
ஏறும்போது எங்கள் லிஃப்ட் கூண்டு சுரங்கச் சுவரில் மோதி நின்றுவிட்டது. ஆழம் நூற்று நாற்பது மீட்டர். கதவு நசுங்கிவிட்டது. ரேடியோ ஆண்டெனா ஒடிந்துவிட்டது. மேலே பேசுவது கேட்கிறது, நாங்கள் பேசுவது போகவில்லை. பிரேக் பழுது என்று அக்காவிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

கட்டுப்பாட்டு அறையில் சுல்தான் அண்ணனும் இனியாவும் பேசுகிறார்கள்.

"கீழ யாரும் இல்லையே, இனியா?"
"இல்லண்ணே. ரெண்டும் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குதுங்க. நாடி எவ்வளவு அழகா ஓடுது பாருங்க."
"எழுப்பாத, பாவம். அந்த நவிலன் பய முழிச்சான்னா என் செருப்புல பேஸ்ட் தடவிருவான்."

கத்தினேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மாலை 6:50
"ஆளில்லாத சுரங்கத்துக்கு எதுக்குக் காத்து? நிறுத்திரு."

காற்றுக் குழாயின் இரைச்சல் நின்றது. கூண்டில் இருக்கும் காற்று இருவருக்கு ஒரு மணி நேரம் வரலாம். கூண்டைச் சுத்தியலால் அடித்தேன். சத்தத்தைப் பனி விழுங்கிவிட்டது. அக்கா ஐந்து நிமிடம் தூங்கட்டுமா என்று கேட்டாள். கூடாது என்றேன். கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள். உலுக்கினாலும் எழவில்லை. நாடி நூற்று முப்பது.

இரவு 7:20
"பம்பும் சும்மா ஓடுதுண்ணே. நிறுத்திடறேன்."

சுவிட்ச் தட்டும் சத்தம்.

"அண்ணே! நவிலனுக்கு நாடி நின்னுடுச்சு! பிரிஸ்காவுக்கும்!"
"ரெண்டு பேருக்குமா? டாக்டரக் கூப்பிடு, ஓடு!"

ஓடும் சத்தம்.

"படுக்கை காலிண்ணே. ரெண்டும் காலி. பட்டைய பம்ப் குழாயில கட்டியிருக்காங்க."
"யா அல்லா… கீழ இருக்காங்க. காத்தத் திற!"
"வரமாட்டேங்குதுண்ணே. குழாய் உறைஞ்சுபோச்சு."
"நாங்க இறங்கறோம்டா நவிலா. தாங்கிக்க. அக்காவப் பாத்துக்க."

7:44
சொல்லிவிடுகிறேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. கூண்டை ஓட்டியது நான். லீவரைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். நாலு விநாடியோ நாற்பதோ தெரியாது, மோதிய சத்தத்தில்தான் விழித்தேன். வெட்கமாக இருந்தது. அதான் பிரேக் என்றேன்.

பட்டையைக் கழற்ற அக்கா மாட்டேன் என்றாள். இரண்டு தடவை. பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளி என்று பாட்டுப் பாடியே வாங்கினேன்.

அவளை முதலில் ஏற்றுங்கள். நான் சமாளிப்பேன், நான் முழிச்சுதான் இருக்கே