கால்வாய்க் கரையில் கேட்டவர்

வெள்ளவத்தை,
ஆவணி 1943

அன்புள்ள மனைவிக்கு,

நான் சுகம். மகளின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து நீர் ஊருக்குப் போனபின், இன்றுதான் சைக்கிளை எடுத்தேன். பெற்றோல் கட்டுப்பாட்டால் பெரிய வீதியிலும் இப்போது கார்கள் குறைவு. ஆனாலும் பழக்கத்தில் கால்வாய்க் கரைக் கிரவல் பாதைக்கே போனேன்.

படகுக்காரர் தாஸிம் நானா மறித்தார். "மகளெங்க மாஸ்டர்? முன்னுக்கு வெச்சிட்டுத்தானே வருவீங்க?"

"தாயோடை யாழ்ப்பாணத்திலை நிக்கிறா" என்றேன். குரல்கூட மாறவில்லை.

"வந்தாக் குடுங்க" என்று ஒரு கொய்யாப்பழம் தந்தார். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, கழுவி, முழுவதையும் நானே தின்றேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

நீர் திரும்பி வந்தால் அவர் உம்மிடமும் கேட்பார். நாளைக்கே போய் நான் சொல்லிவிடுகிறேன்.

உம்முடைய
கணவன்