பச்சை விளக்கு எரியாத நாட்கள்

20 ஜனவரி 2025, திங்கள்

சென்னையிலிருந்து பெட்டி வந்தது. உள்ளே ஒரு துணிக் குல்லா, இரண்டு பஞ்சுத் துண்டுகள், சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி. பஞ்சை உப்புநீரில் நனைத்துத் தலையில் வைத்து, மூளைக்கு மெல்லிய மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்போதே அரை மணி நேரம் உடற்பயிற்சி செய்ய வேண்டுமாம். வாரம் ஐந்து நாள், பன்னிரண்டு வாரம். என்னைப் போன்ற எம்.எஸ். நரம்பு நோயாளிகளின் நடை தேறுமா என்று ஆய்வு. பாதிப் பேருக்கு நிஜ மின்சாரம். மீதிப் பேருக்கு முதல் சில வினாடி மட்டும், அப்புறம் சும்மா. யாருக்கு எது என்று சொல்லமாட்டார்கள். முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மின்னோட்டம் நடத்தியவனுக்கு இந்த மரியாதை.

ஏன் ஒப்புக்கொண்டேன்? டாக்டரிடம் மறுக்கத் தைரியமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. ஏப்ரல் பத்து மகாவீர் ஜெயந்தி. இரண்டு வருஷமாக நான் கோயிலுக்குப் போகவில்லை. வலது பாதம் தொங்கிவிடாமல் பிடித்திருக்கும் தாங்கி என் செருப்போடு சேர்ந்தது. வாசலில் அதைக் கழற்றினால் மண்டபம்வரை முப்பத்தெட்டு அடி, வெறுங்காலில்.

கூடத்தில் சாக்பீஸால் இருபத்தைந்து அடிக்குக் கோடு போட்டேன். தாங்கி இல்லாமல் 31 வினாடி.

23 ஜனவரி

காணொளியில் இனியா என்ற பிசியோ பெண். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்கிறாள். எழுந்தால் “சூப்பர் சார்!” உட்கார்ந்தாலும் “சூப்பர் சார்!” நான் தும்மினாலும் சொல்வாள் போலிருக்கிறது.

26 ஜனவரி, ஞாயிறு

மைத்துனன் ஹேமநாத் வந்தான். பட்டுச்சேலை வியாபாரி, எல்லாவற்றையும் மடித்து ஓரமாக வைத்துவிடலாம் என்று நினைப்பவன்.

“இன்னா மாமா, தலைக்கு சார்ஜ் போட்டுகினு கீறீங்களாமே? கால்ல இல்ல போடணும்!”

அவனே சிரித்துக்கொண்டான். பிறகு, “ஜெயந்திக்கு நாலு பேரு நாற்காலியோட தூக்கிகினு போயிட்றோம். ஜல்தியா முடிஞ்சிடும்.”

முடிந்துவிடும். பல்லக்கில் சுவாமிக்குப் பின்னால் நான், பிளாஸ்டிக் நாற்காலியில்.

“பார்க்கலாம்ப்பா” என்றேன். எனக்கு வாய்த்த வீரம் அவ்வளவுதான்.

28 ஜனவரி, செவ்வாய்

கருவி ஓடவில்லை. பச்சைக்குப் பதில் சிவப்பு விளக்கு. “பஞ்சு நல்லா நனைஞ்சிருக்கா சார்? உப்புத் தண்ணிதானே?” என்றாள் இனியா. பெட்டியோடு வந்த உப்புநீர் தீர்ந்துவிட்டது. இப்போது மனைவி ரத்னாவதிதான் சமையலறையிலிருந்து கலந்து தருகிறாள். ஆமாம் என்றேன். பயிற்சியை மட்டும் செய்யச் சொன்னாள்.

மாலை சாப்பாட்டில் கூட்டு சப்பென்று இருந்தது. மனைவிக்கு மறதி வந்துவிட்டது. கேட்காமலே சாப்பிட்டு எழுந்தேன்.

29 ஜனவரி

பச்சை. எதுவுமே நடக்காதது போல.

5 பிப்ரவரி

மறுபடி சிவப்பு. மறுபடி உப்பில்லாத ரசம். வீட்டில் இருக்கும் மூன்று பேரும், பெட்டியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பழுது.

11 பிப்ரவரி

சிவப்பு. மின்சாரமே இல்லாத பெட்டியை எனக்குத் தந்து, சிவப்பு விளக்கை வேறு வேடிக்கைக்கு வைத்திருக்கிறார்கள்.

21 பிப்ரவரி

சிவப்பு. ஆனால் நடை 27 வினாடி. மின்சாரம் இல்லாத நாளில் எப்படிக் குறையும்? மூன்று முறை நடந்து பார்த்தேன். 27, 28, 27. கடிகாரத்தையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

27 பிப்ரவரி

சிவப்பு. புகார்க் கடிதம் எழுதினேன், ஒன்றரைப் பக்கம். அனுப்பவில்லை.

7 மார்ச், வெள்ளி

சிவப்பு. கடிதத்தோடு இணைக்க, பழுதான தேதிகளை அட்டவணையாக எழுதினேன். வாரக்கிழமை ஒத்துவரவில்லை. மின்தடையும் காரணமில்லை, கருவி பேட்டரியில் ஓடுவது. சுவரிலிருந்த மாதக் காலண்டரைப் புரட்டினேன். ஜனவரி 28, சதுர்த்தசி. பிப்ரவரி 5, அஷ்டமி. 11, சதுர்த்தசி. 21, அஷ்டமி. 27, சதுர்த்தசி. இன்று அஷ்டமி. எல்லாமே எங்கள் ஜைன வீடுகளில் விரத நாட்கள்.

பெட்டி விரதம் இருக்கிறதா!

சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். உப்பு ஜாடி வாயில் துணி கட்டி மேல்தட்டில் ஏறியிருந்தது.

“இது ஏன் அங்கே?”

“அஷ்டமி, சதுர்த்தசிக்கு உப்பை விட்டிருக்கேன்.”

“எப்போதிலிருந்து?”

“நீங்க அந்தக் குல்லாவ மாட்டின நாள்லருந்து.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு கேக்கறாரு பாரு. கோயிலுக்கு நீங்க உங்க கால்ல நடந்து வர்ற வரிக்கும்.”

“சரி… பஞ்சுக்குக் கூடவா உப்புப் போடல?”

“வீட்ல உப்பே எடுக்கறதில்லன்னா, அப்புறம் பஞ்சுக்கு மட்டும் இன்னா? நல்லா காய்ச்சி, வடிகட்டித்தானே குடுத்தேன்.”

கண்ணாடிக் குவளை, இரண்டு பென்சில் கரி, ஒரு சிறு பல்பு. வெறும் தண்ணீரில் எரியாது, உப்பைப் போட்டால் எரியும். முப்பத்தொரு வருஷமும் தவறாமல் செய்துகாட்டிய மடையன் நான்தான். என் கால் நடக்கவென்று அவள் விட்ட உப்பு என் தலைக்குப் போகவேண்டிய மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறது. உப்பில்லாத ரசத்தை ஆறு முறை குடித்தும் எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். வாயைத் திறந்தால்தானே!

புகார்க் கடிதத்தைக் கிழித்தேன்.

10 மார்ச்

இனியாவிடம் சொல்லிவிட்டேன். வியர்த்துவிட்டது. சிரிக்காமல் கேட்டாள், அப்புறம் சிரித்தாள். “ஆறு நாளையும் குறிச்சிக்கிறேன் சார். அம்மாகிட்ட கோவிச்சுக்காதீங்க.” கோபிப்பதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

12 மார்ச்

நாளை சதுர்த்தசி. இன்றே உப்புநீர் கரைத்து பாட்டிலில் வைக்கலாமா என்று கேட்டேன். ரத்னாவதி காலண்டரை எட்டிப் பார்த்தாள்.

“இன்னிக்கே நீங்களே கரைச்சி வெச்சிட்டா அது என் விரதத்துல வராது.”

13 மார்ச்

பச்சை. சாம்பாரில் உப்பில்லை. இரண்டும் முறைப்படி.

4 ஏப்ரல்

24 வினாடி. பெட்டியா, பயிற்சியா, வெறும் சாக்பீஸ் கோடா? எனக்கு எந்தப் பெட்டி என்று ஆய்வு முழுக்க முடிந்த பிறகுதான் சொல்வார்களாம், அடுத்த வருஷம். அவசரமே இல்லை.

10 ஏப்ரல், வியாழன்

காலை ஆறரைக்கே போனோம். வெயில் ஏறிவிட்டால் என் கால்கள் துணியாகிவிடும். வாசலில் ஹேமநாத் நாற்காலியோடு தயாராக நின்றான். “தாங்கியோடவே உள்ள வாங்க மாமா, பிளாஸ்டிக்தானே, யாரு கேக்கப் போறா?” யாரும் கேட்கமாட்டார்கள். எல்லாரும் பார்ப்பார்கள். கழற்றினேன்.

பாதி வழியில் வலது கட்டைவிரல் கல்லில் தட்டியது. ஹேமநாத் கையை நீட்டினான். “எடுப்பா கையை!” என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. பூஜை செய்துகொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு நிமிடம் ஒன்பது வினாடி. நத்தை சிரிக்கும்.

மண்டபத் தூணைப் பிடித்தபடி அபிஷேகம் முடியும்வரை நின்றேன். ரத்னாவதி பெண்கள் பக்கத்தில் நின்றிருந்தாள். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

11 ஏப்ரல், வெள்ளி

கடைசிப் பயிற்சி. பச்சை.

இன்று சதுர்த்தசி. கூட்டில் உப்பு இருந்தது, சற்று அதிகமாகவே.

இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.