இடது காலுக்கு என்ன வேலை

மார்ச் 3

இன்றும் முடிவாகவில்லை. காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் மாணவர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கிறார், நான் கைபேசியில் இன்ஜின் படம் பார்க்கிறேன். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுக்கிறவள் செய்கிற காரியமா இது?

தம்பியின் ஒர்க்‌ஷாப்பில் எங்கள் சிவப்புக்காரி பானெட் இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள். இரண்டே சீட், மேலே கூரை கிடையாது, எங்கள் இரண்டு பேரையும்விட வயதில் மூத்த ஸ்போர்ட்ஸ் கார். பழைய இன்ஜின் விரிசல் விட்டுவிட்டது, அதற்கு மாற்று எங்கேயும் கிடைக்காது. புது டர்போ இன்ஜின் போடுவதில் இருவருக்கும் சம்மதம். எந்த டர்போ என்பதில்தான் சண்டை.

பெரியவன் இரண்டு லிட்டர், ஆறு கியர், கிளட்ச் உண்டு. சின்னவன் மூன்று சிலிண்டர், ஆட்டோமேட்டிக். நாங்கள் வைத்த பெயர்கள். தம்பி பெரியவன்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். நிற்கட்டும். அவனுக்காவது முடிகிறதே.

எனக்கு இடது கால் போய்க்கொண்டிருக்கிறது. எழுதிவிட்டேன். பாதத்தைத் தூக்குகிற வலு முதலில் குறையும், அப்புறம் அழுத்துகிற வலு என்று போன மாதம் நரம்பு டாக்டர் சொன்னார். எப்போது, எவ்வளவு என்று சொல்ல முடியாதாம். வீட்டுக்காரருக்குத் தெரியும். தம்பிக்குத் தெரியாது.

மார்ச் 5

பெரியவனா சின்னவனா. சின்னவனா பெரியவனா. பைத்தியம் பிடித்துவிடும்.

மார்ச் 7

பெரியவன் கனம், முன்பக்கம் அமுங்கும், வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்காது என்று தம்பியிடம் அடித்துப் பேசினேன். சிரித்தான். பேட்டரியை டிக்கிக்குக் கொண்டுபோகலாம், இன்ஜினை நாலு விரல் பின்னால் தள்ளலாம் என்று சாக்பீஸால் தரையில் படம் போட்டுக் காட்டினான். நான் டீயை ஊதி ஊதிக் குடித்தேன்.

"ஆட்டோமேட்டிக் ஓட்டறது வண்டி ஓட்டறதே இல்ல, சும்மா உக்காந்திருக்கறதுன்னு ஊரெல்லாம் சொன்னவ நீதானேக்கா?"

நான்தான். வருஷக்கணக்காகச் சொல்கிறேன். இந்த வாய் கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம்.

மார்ச் 10

"அந்த வண்டிக்குக் குடுக்கற கவனத்துல கால்வாசி காலுக்குக் குடு" என்றார் வீட்டுக்காரர். தானே சிரித்துக்கொண்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தம்பியிடம் சொல்லிவிடு என்றார்.

எப்படிச் சொல்ல? அவனுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தவள் நான். எல்லாரையும்போல அவனும் குனிந்து மிதிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். 'காலப் பாக்காத, ரோட்டப் பாரு' என்று எத்தனை தடவை தலையில் குட்டியிருப்பேன். இன்றைக்கும் என்னோடு சரிக்குச் சரி மல்லுக்கு நிற்கிறவன் அவன் ஒருவன்தான். தெரிந்துவிட்டால் கண்ணாடிச் சாமான் மாதிரி என்னை எடுத்து ஓரமாக வைத்துவிடுவான். சண்டை போடாத தம்பியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

மார்ச் 12

டர்போ குழாய் ஸ்டியரிங் கம்பியில் இடிக்கும் என்றேன். இரண்டே நாளில் அட்டையில் டர்போ மாதிரி வெட்டி ஒட்டி, கம்பியை அறுத்து நடுவில் ஒரு மூட்டு வைத்து, வளைத்து ஒதுக்கிவிட்டான். இடையில் விரல் விட்டுக் காட்டினான். முகமெல்லாம் பல்.

"வேற என்ன? சொல்லு."

பானெட் மூடாது என்றேன்.

மார்ச் 15

மூடுகிறது. பாவி, அதையும் சரி செய்துவிட்டான். என்னிடம் சாக்கு தீர்ந்துவிட்டது.

மார்ச் 17



பாங்க்கில் வேலை பார்க்கும் மாணவி ஒருத்தி நாற்சந்தியில் பதறிவிட்டாள். சொல்லிக் கொடுக்கிறவளுக்கென்று என் பக்கத்திலும் இருக்கிற கிளட்ச்சை நான் மிதித்திருக்க வேண்டும். காலைத் தூக்கினேன் — தூக்கினதாகத்தான் நினைத்தேன். கால் நுனி மிதியில் இடறி, பாதம் கீழே சரிந்தது. வண்டி குலுங்கி நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த பஸ் ஒரு முழத்தில் பிரேக் போட்டது. அந்தப் பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! என் தப்பு மேடம் என்கிறாள். நான் பரவாயில்லன்னு சொன்னேன். பரவாயில்லயாம். என்ன ஜென்மம் நான்?

மார்ச் 18

அந்தப் பெண்ணுக்கு போன் செய்து, தப்பு என்னுடையது என்றேன். ஸ்கூல் முதலாளியிடமும் சொல்லியாகிவிட்டது. இனி எனக்கு வகுப்பறைப் பாடம் மட்டும்: சாலைக் குறிகள், கரும்பலகை. வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்தபோது அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

தம்பி மட்டும் பாக்கி.

மார்ச் 22, ஞாயிறு

சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பெரியவன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, சாயங்காலம் போய்ப் பேசி முடித்துவிடுகிறேன் என்று குதித்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தேன். சின்னவனே போதும் என்றேன். ஏன் என்றான்.

"மைலேஜ்."

மைலேஜாம்! ஸ்போர்ட்ஸ் காருக்கு மைலேஜ் பார்க்கிறவள் நானாகத்தான் இருப்பேன்.

அவன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தான். நான் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் குனிந்து எடுத்தான். இடதை ஒரு கையில், வலதை ஒரு கையில். வலது நன்றாக இருந்தது. இடதின் நுனி தரையில் இழுபட்டு இழுபட்டுத் தேய்ந்து பிய்ந்திருந்தது. எனக்கே இன்றுதான் கண்ணில் பட்டது.

"டயர் ஒரு பக்கமா தேஞ்சா கோளாறு டயர்ல இல்லக்கா. எத்தன நாளா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தான். கண் கலங்கியது. இதோ ஆரம்பித்துவிட்டான், இனி கண்ணாடிச் சாமான்தான் என்று நினைத்தேன்.

"இதுக்கா என்ன ஸ்டியரிங்க அறுக்க வச்ச?" என்று கத்தினான். தெருவுக்கே கேட்டிருக்கும். நீ ஏன்டா கேட்டதையெல்லாம் செஞ்சு தொலைச்சே என்று நானும் கத்தினேன். ரொம்ப நேரம் சண்டை போட்டோம். வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

ஏப்ரல் 11

சின்னவன் வந்துவிட்டான். அந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருக்கிறதே, பானை வயிறு. சீட்டுகளுக்கு நடுவே தரையை அறுத்து அகலப்படுத்துகிறான். என்னைத் திட்டிக்கொண்டே செய்கிறான்.

கிளட்ச் மிதியைக் கழற்றிவிடு என்றேன். மாட்டானாம்.

"பழக்க தோஷத்துல கால் அங்கதான் போகும். ஒண்ணுமே இல்லன்னா திண்டாடும். இருக்கட்டும்."

ஹாரனுக்கு வயர் கொடுத்துவிட்டான். இடது கால் மிதித்தால் ஹாரன் அடிக்கும். கிறுக்கன்.

மே 24, ஞாயிறு

ஓட்டினேன்!

ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் சின்னவன் ஒரு கணம் யோசிக்கிறான், அப்புறம் விசிலடித்துக்கொண்டே முதுகைப் பிடித்துத் தள்ளுகிறான். சும்மா உட்கார்ந்திருப்பது என்று இதையா சொன்னேன்? வாபஸ். சிக்னலுக்கு சிக்னல் என் கால் கிளட்ச்சைத் தேட, ஹாரன் அலற, ஊரே திரும்பிப் பார்த்தது. கால் பேசுது, கால் பேசுது என்று தம்பி ஒவ்வொரு தடவையும் சொன்னான். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

ஜூலை 19

ஹாரன் குறைந்துவிட்டது. பழக்கம் விட்டுப்போயிற்று என்கிறார் வீட்டுக்காரர். இருக்கலாம்.

செப்டம்பர் 6, ஞாயிறு

பெரிய சிக்னலில் சிவப்பு. இடது காலை அழுத்தினேன். சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினேன். இல்லை. வயர் கழன்றிருக்கும்டா என்றேன்.

தம்பி தன் சீட்டிலிருந்து குனிந்து, கையை நீட்டி அந்த மிதியை அமுக்கினான். ஹாரன் நன்றாக அடித்தது. முன்னால் ஸ்கூட்டரில் இருந்தவர் திரும்பி முறைத்தார்.

பச்சை விழுந்தது, கிளம்பினேன். அடுத்த சிக்னலிலும் அவன் குனிந்து அமுக்கினான். அதற்கடுத்ததிலும். நான் கீழே பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் கைக்குப் பக்கத்தில் என் பாதம் சும்மா கிடந்தது.

"காலப் பாக்காத" என்றான். "ரோட்டப் பாரு."

வீடு வரை ரோட்டைத்தான் பார்த்தேன்.