இரண்டு பவுண்டு மூன்று அவுன்ஸ்

1927 ஜூலை 3, ஞாயிறு

பூசை முடிந்து நேரே மைதானம். பயிற்சியில் இரண்டு முறை மட்டை பிடித்தேன். இரண்டு முறையும் குச்சி விழுந்தது. தேநீர் குடிக்கும்போது ரோசரி என் தோளில் கை போட்டான். எங்கள் கிரிக்கெட் சங்கத்தின் கேப்டன். ரயில்வே சரக்குக் கொட்டகையில் வேலை. அவன் கை தோளில் விழுவதும் மூட்டை விழுவதும் ஒன்றுதான்.

"ஆம்புரோஸ் அண்ணே, இந்த லியோனார்ட்டு நல்லா அடிக்கிறான். அவனுக்கு ஓர் இடம் கொடுக்கணும். நீங்க வெள்ளைக் கோட்டு போட்டு அம்பயரா நின்னீங்கன்னா மைதானத்துக்கே ஒரு மரியாதை லா."

தலையாட்டினேன். அரசாங்க ஆபீசில் முப்பது வருடம் ஆட்டிய தலை. என்னைக் கேட்காமலே ஆடுகிறது.

வீட்டுக்கு வந்தபின் ரோசரிக்குச் சொல்ல மிக அருமையான மூன்று பதில்கள் தோன்றின. மூன்றையும் கோழிகளுக்குச் சொன்னேன்.

ஜூலை 4

யோசித்துப் பார்த்தேன். சங்கத்தில் இருப்பது இரண்டே மட்டை. ஊருக்குப் போன ஒரு துரை விட்டுப்போனவை. நான் அதைத் தூக்கி முடிப்பதற்குள் பந்து குச்சியில் பட்டு, கீப்பர் அதை எடுத்துத் துடைத்துக்கொண்டிருப்பான். ஆகவே குறை என்னிடம் இல்லை; எடையில் இருக்கிறது. இது காரணமா, சாக்கா? இரண்டுக்கும் எனக்கு எப்போதும் வித்தியாசம் தெரிந்ததில்லை.

நவமணியிடம் சொன்னேன். "அறுபத்தோரு வயசு ஆளு ஆடலைன்னா பழி கட்டை மேலயா? நல்லா இருக்கு," என்றாள் என் மனைவி.

சாயங்காலம் ரோசரியின் வீட்டுக்குப் போய், கோட்டு வேண்டாம், எனக்கேற்ற எடையில் மட்டை வாங்கி ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாசலில் நின்றபடி, செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"சரிண்ணே. உடையப்பன் ஊருக்குப் போயிருக்கான். அதனால சித்தியவான் ஆட்டத்துக்கு நீங்களும் லியோனார்ட்டும் ரெண்டு பேருமே வாங்க. அவன் திரும்பி வந்ததும் ஒருத்தர் வெளிய போகணும். நீங்க அங்க நின்னு காட்டுங்க, உங்க பேரு இருக்கும். இல்லன்னா கோட்டுதான்."

ஆகஸ்ட் ஆறாம் தேதி ஆட்டம்.

ஜூலை 7

எனக்கு ஏற்ற எடை எது? துரைமார் எப்படிக் கண்டுபிடிக்கிறார்களோ தெரியவில்லை. நான் என் வழியில் போனேன். குடைக்கம்பில் ஒரு பழைய காலுறையைக் கட்டி, அதில் மணல் போட்டேன். கொல்லையில் நின்று வீசினேன். தோள் வலித்தால் ஒரு பிடி மணலைக் கொட்டுவது, மீண்டும் வீசுவது.

பக்கத்து வீட்டுப் பாப்பா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து நவமணியைக் கேட்டது காதில் விழுந்தது: "அக்கா, ஐயாவுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல," என்றாள் நவமணி. 'உடம்புக்கு' என்பதில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது.

வலிக்காத எடை கிடைத்ததும் குடை, காலுறை, மணல் எல்லாவற்றையும் அப்படியே சீன மருந்துக்கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரத் தௌக்கே வேரையும் பட்டையையும் நிறுக்கும் கோலில் அதைத் தொங்கவிட்டார். இது எந்த நோய்க்கு மருந்து என்று மலாயில் கேட்டார். முதுமைக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை, எத்தனை வேளை என்று கேட்டார்.

சீன எடையைப் பவுண்டுக் கணக்குக்கு மாற்றினேன். இரண்டு பவுண்டு மூன்று அவுன்ஸ். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். அதுதான்.

ஜூலை 8

பினாங்குக் கடைக்குக் கடிதம். 'சரியாக இரண்டு பவுண்டு மூன்று அவுன்ஸ்' என்று எழுதி, 'சரியாக' என்பது அதிகாரமாகத் தோன்றியதால் கிழித்தேன். 'ஏறக்குறைய' என்று எழுதி, அதையும் கிழித்தேன். கடைசியில் 'சரியாக' என்றே எழுதி, அடியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 19

மட்டை வந்துவிட்டது! வெண்ணெய் நிறம். முகர்ந்து பார்த்தேன். நவமணி என்னைப் பார்ப்பதைப் பார்த்து, முகர்வதை நிறுத்தினேன்.

உடனே மருந்துக்கடை. இரண்டு பவுண்டு ஆறு அவுன்ஸ்.

மூன்று அவுன்ஸ் கூடுதல். தௌக்கேயின் கோல் பொய் சொல்லாது என்று தௌக்கே சொன்னார்.

ஜூலை 20

திருப்பி அனுப்பவா? 'தங்கள் மட்டையில் எடை அதிகம்' என்று ஒருவருக்கு எப்படி எழுதுவது? அவர் மனம் என்ன பாடுபடும்? அனுப்பவில்லை.

ஜூலை 22

சின்னையா வந்திருந்தார். ஜெலாப்பாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. என் பழைய சிநேகிதர். மட்டையைக் கையில் வாங்கி, ரப்பர்த் தகட்டைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே, இது ஈரம். கப்பல்ல வந்த சாமான் வேற எப்படி இருக்கும்? பச்சைத் தகட்டைப் புகையில போடறோம், காஞ்சதும் எடை எறங்குதா இல்லையா? இதுவும் மரம், அதுவும் மரத்துப் பாலு. ஒரு வாரம் நம்ம புகைக் கொட்டகையில தொங்கட்டும்."

இதை மறுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பேராக்கில் யாருக்குக் கிடைக்கும்? ஈரத் தகடு எவ்வளவு, காய்ந்த தகடு எவ்வளவு என்பதை வைத்துத்தானே இந்த ஊரே சோறு தின்கிறது.

ஜூலை 23

மட்டையைத் தொங்கவிட்டாயிற்று. மூங்கில் கொடியில் ரப்பர்த் தகடுகள் வரிசையாக. நடுவில் என் மட்டை. கீழே விறகு புகைகிறது. தொங்கும் சபையில் ஒருவர் மட்டும் விறைப்பாக இருப்பதைப் போல. கொட்டகைக்காரர் மாயாண்டி, "இதுக்கு என்ன தரம் போடறது கிராணி ஐயா? முதல் தரமா, கழிசலா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கடைசியாக.

ஜூலை 24

கோயிலில் மனம் நிற்கவில்லை. கருகிவிட்டால்?

ஜூலை 30

எடுத்துவந்தேன். இரண்டு பவுண்டு மூன்று அவுன்ஸ்! ஒரு மயிரிழை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. தௌக்கேயின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

நிறம் மட்டும் பழுப்பு. வாசனையும் உண்டு. நவமணி மூக்கைப் பொத்திக்கொண்டு, "கருவாடு வீட்டுக்குள்ள வரக்கூடாது," என்றாள். கோழிக்கூண்டின் மேல் வைத்திருக்கிறேன். ஒரு பூனை அதைச் சுற்றுகிறது.

ஜூலை 31, ஞாயிறு

பயிற்சி. என்ன எழுதுவது? மட்டை இறகு மாதிரி இருக்கிறது. அதனால் பந்து வருவதற்கு முன்பே வீசி முடித்துவிடுகிறேன். முன்பு தாமதம், இப்போது அவசரம். பந்து மட்டும் அதன் நேரத்துக்கு வருகிறது.

லியோனார்ட் எதிர்முனையில் நின்றிருந்தான். பேங்கில் வேலை, தலையில் அரைப் போத்தல் எண்ணெய், எதற்கும் பயமில்லாத கண்கள். "சார், கொஞ்சம் பொறுங்க. அவன் இன்னும் பந்தைக் கையில எடுக்கவே இல்ல," என்றான். பிறகு காற்றை முகர்ந்து, "யாரு சார் சாப்பாடு கொண்டாந்தது?" என்றான்.

எடை சரி. கணக்கு சரி. அப்படியானால் தப்பு — வேண்டாம். இன்று இதற்கு மேல் எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 5

நாளை. கோட்டு எனக்கு எப்படி இருக்கும் என்று கண்ணாடி முன் நின்று யோசித்தேன். கசாப்புக் கடைக்காரர் மாதிரி இருக்கும்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

நேற்று சித்தியவான். இன்றுதான் கை எழுதும் நிலைக்கு வந்திருக்கிறது.

அவர்கள் பக்கம் தோட்டத்துக் கிராணிமார்களும் ஆஸ்பத்திரி டிரசர்களும். கேப்டன் அந்தத் தோட்டத்துச் சின்ன துரை, பனைமரம் மாதிரி ஓர் ஆள். அவர்கள் முதலில் ஆடி எடுத்தது எண்பத்தெட்டு.

எங்களில் ரோசரி முதலில் இறங்கி முதல் பந்திலேயே போனான். திரும்பி வரும் வழியில் ஒரு தென்னை மரத்தை அடித்தான். தென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை. சங்கத்து மட்டை இரண்டாகப் பிளந்தது. மிஞ்சிய இன்னொன்று லியோனார்ட் கையில். அவன் அடித்தான், மற்றவர்கள் என் மட்டையை வாங்கிப்போய், அதில் பந்து படாமலே வரிசையாகப் போனார்கள். ஒன்பது பேர் போனபோது இன்னும் இருபது ஓட்டம் வேண்டியிருந்தது. மிச்சம் நான்.

என் புகை மட்டையோடு நடந்தேன். முதல் பந்துக்கு வீசினேன் — அவசரம்தான், ஆனாலும் ஏதோ புண்ணியத்தில் பந்து மட்டையின் நுனியில் பட்டது. அப்பளம் நொறுங்குகிற சத்தம். கையில் பிடி மட்டும் இருந்தது. மட்டையின் பலகை பறந்துபோய்ப் பக்கத்தில் நின்ற டிரசரின் கையில் விழ, அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "அவுட்டா, இல்லையா?" என்று கத்தினார். அம்பயர் உண்மையாகவே யோசித்தார். பந்து புல்லில் கிடந்தது. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

காய்ந்துபோய்விட்டது. எடை இறங்கியது, உயிரும் இறங்கிவிட்டது போலிருக்கிறது. தகடு வளையும், மட்டை வளையாது. இது ஏன் முன்பே தோன்றவில்லை? சின்னையாவுக்கும் தோன்றவில்லையே என்பதில் ஓர் அற்ப நிம்மதி.

எங்களிடம் வேறு மட்டை இல்லை. சின்ன துரை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, கூடாரத்திலிருந்து தன் சொந்த மட்டையைக் கொண்டுவரச் சொன்னார். அதைத் தூக்கினேன் என்று எழுத மாட்டேன். இழுத்துக்கொண்டு போனேன். எவ்வளவு எடை என்று துரையைக் கேட்டேன். "நிறுத்துப் பார்த்ததில்லை," என்றார். கேட்கவே எனக்குத் தலை சுற்றியது.

அதைக் குச்சிக்கு முன்னால் தரையில் ஊன்றினேன். பந்து வந்தது. வீச வேண்டும் என்று புத்தி சொன்னது, மட்டை நகரவில்லை. பந்து அதில் மோதிச் செத்து என் காலடியில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். இடது பக்கம் வந்தால் கொஞ்சம் இடது பக்கம் தள்ளினேன், அலமாரியை நகர்த்துவது போல. அவ்வளவுதான். பந்து வீசிய கிராணிக்கு வியர்த்தது. "அடிங்க அண்ணே, அடிங்க! எதுக்கு வந்தீங்க?" என்று கெஞ்சினார். அடிக்க முடிந்தால் அடித்து, எப்போதோ வெளியே போயிருப்பேன்.

மறுமுனையில் லியோனார்ட் விளாசினான். ஒரு ஓட்டம் எடுத்தால் சமம். இரண்டு எடுத்தால் வெற்றி. அப்போது அவனுக்கு வானத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. பந்து மேலே போனது, நீண்ட நேரம் மேலேயே இருந்தது, பிறகு ஓரத்தில் நின்ற ஒருவரின் கையில் குழந்தை மாதிரி இறங்கியது.

ஒரே ஓட்டத்தில் தோற்றோம். நான் பூஜ்யம், அவுட் இல்லை.

திரும்பி வரும்போது மோட்டாரில் ரோசரி பேசிக்கொண்டே வந்தான். "தட்டிட்டு ஓடியிருந்தா போதும்டா! அண்ணனைப் பாரு. ஒண்ணும் எடுக்கல. ஆனா போகவும் இல்ல லா! நின்னாரு பாரு, கோயில் தூண் மாதிரி." தென்னை மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. லியோனார்ட் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

நான் ஒரே ஒரு ஓட்டம் எடுத்திருந்தாலும் சமமாகியிருக்கும். இதையும் யாரும் பேசவில்லை. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 8

இரண்டு பவுண்டு மூன்று அவுன்ஸ் என்பது அடிக்கத் தெரிந்தவனுக்கு. எனக்கு வேண்டியது தூக்க முடியாதது. இதற்கா இவ்வளவு மணல்?

ஆகஸ்ட் 14, ஞாயிறு

உடையப்பன் வந்துவிட்டான். கமுந்திங் ஆட்டத்துக்குப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. பதினோராவது நான். அம்பயர்: லியோனார்ட்.

மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். இருக்கிறேன். ஆனால் அவன் என்னைவிட நூறு மடங்கு நன்றாக ஆடுகிறவன். ரோசரியிடம் போய்ச் சொல்லலாமா? செருப்பைப் போட்டேன். கழற்றினேன்.

ஆகஸ்ட் 17

கடைத்தெருவில் லியோனார்ட் எதிரே வந்தான். வணக்கம் சொல்லவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

நேற்று கமுந்திங். ரோசரி முதலில் இறங்கினான். மூன்றாவது பந்து அவன் முழங்காலில் பட்டது. பந்து வீசியவர் சந்தேகத்தோடு பாதிக் குரலில்தான் அவுட் கேட்டார். லியோனார்ட் முழு விரலையும் தூக்கினான். கோட்டு அவனுக்குப் பெரிது. கை மறைந்து அந்த விரல் மட்டும் வெளியே தெரிந்தது. ரோசரி அவனைப் பார்த்தான். அவன் விரலைக் கீழே இறக்கவே இல்லை. ரோசரி போய்ச் சேரும்வரை அப்படியே வைத்திருந்தான். இங்கே பக்கத்தில் தென்னை இல்லாதது சங்கத்தின் அதிர்ஷ்டம்.

கடைசியில் நானும் உடையப்பனும். வேண்டியது ஒன்பது. சங்கத்துக்குப் புதிதாக வந்த கனத்த மட்டையை ஊன்றி நின்றேன். பந்து மட்டையைத் தாண்டி என் காலில் பட்டது. நேராக. மூன்று குச்சிக்கும் நடுவில். பதினொரு பேரும் கத்தினார்கள். டீ கொண்டுவந்தவரும் கத்தினார்.

அது அவுட். இதைவிடச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் வாழ்நாள் முழுக்க நடையைக் கட்டியவன் நான். ஒரு கால் ஏற்கெனவே கூடாரத்துப் பக்கம் திரும்பிவிட்டது.

லியோனார்ட் தலையை ஆட்டினான். இல்லை என்று.

ஓவர் முடிந்ததும் என் பக்கமாக வந்து, "எங்க சார் கெளம்பிட்டீங்க?" என்றான்.

"அது அவுட் தம்பி."

"அதைச் சொல்ற ஆளு நான்லா சார். நில்லுங்க. நீங்க போயிட்டா ஆட்டம் முடிஞ்சுடும், இந்தக் கோட்டைக் கழட்டித் தரணும். எனக்கு இது இப்பத்தான் பிடிச்சிருக்கு."

நின்றேன். ஒன்பது ஓட்டத்தையும் உடையப்பனே அடித்தான்.

ஜெயித்தோம் என்று மட்டும் நவமணியிடம் சொன்னேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லத்தான் வேண்டும். சாமியார் பிரெஞ்சுக்காரர், கிரிக்கெட் தெரியாது. காலில் பட்டதில் என்ன பாவம் என்றுதான் கேட்பார்.