சிங்கப்பூரை விடத் தூரமான தேவனஹள்ளி

இன்று காலை எழுந்ததும் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. ஃபோனை எடுத்து, பெங்களூரிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று தேடினேன். மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், நாலரை மணி நேரம் என்று வந்தது. படித்ததும் உன் நினைவுதான்.

கல்யாணமான புதிதில் உன் மகள் திவ்யாவை அவள் புருஷனிடம் அனுப்ப நாம் போனோமே, அந்த நாள். ஓசூரில் விடியுமுன் கிளம்பிய கார் பெங்களூர் நெரிசலில் சில்க் போர்டில் நின்றது, ஹெப்பாளில் நின்றது. ஏர்போர்ட் இருக்கிற தேவனஹள்ளி வரவே இல்லை. நீ டிரைவரிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டாய். அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பயமாகிவிட்டது. வழியில் ஆந்திரா ஏதாவது வருமா என்று கேட்டாயாம்.

திவ்யாவின் விமானம் கிளம்பும்வரை நீ வெளியிலேயே நின்றாய். திரும்பும்போது அத்திப்பள்ளிக்கு முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. வண்டி நகரவில்லை. அப்போதுதான் அவள் போய் இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. நமக்கு ஓசூர் எல்லையில் இருக்கிற ஜூஜுவாடியே இன்னும் வரவில்லை.

"சிங்கப்பூரு பக்கந்தான்டி. இந்த தேவனஹள்ளிதான் தூரம்" என்றாய். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாய்.

அப்புறம் நாம் ஒன்றாக வேலை பார்த்த கம்பெனியில் சாப்பாட்டு நேரமெல்லாம் இதே பேச்சுதான். அவள் பிள்ளை பெறும்போதுதான் போவேன், சும்மா ஊர் பார்க்கப் போகமாட்டேன் என்பாய். பெட்டியில் பூண்டு வைத்தால் வாசனைக்கு இறக்கிவிடுவார்களா என்று, விமானத்தில் கால் வைத்திராத என்னைக் கேட்பாய். என்னையும் இழுத்துக்கொண்டு போய் பாஸ்போர்ட் எடுக்க வைத்தாய். "ஜன்னல் சீட்டு நீ வெச்சுக்கடி. எனக்குக் கீழ பாத்தா தல சுத்தும்."

போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தாய். எழுந்திருக்கவில்லை.

நேற்று சாயங்காலம் திவ்யா பேசினாள். எட்டாம் மாதம் நடக்கிறது. மாமியாருக்கு மூட்டு ஆபரேஷன், வர முடியாதாம். காசு கொடுத்தால் அங்கே எல்லாவற்றுக்கும் ஆள் கிடைக்கும், கவலைப்படாதீர்கள் என்றாள். அப்புறம் கேட்டாள்.

"பத்தியக் குழம்பு அம்மா எப்படி சித்தி வைப்பாங்க?"

என் மகன் பிறந்தபோது நீ தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட வைத்த குழம்பு. மிளகு எவ்வளவு, பூண்டு எவ்வளவு என்று எல்லாம் சொன்னேன். வாங்க என்று அவள் கேட்கவில்லை. வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

விமானத்துக்கு நான் பயப்படவில்லை. அவள் கதவைத் திறக்கும்போது, எனக்குப் பின்னால் நீ நிற்கிறாயா என்று ஒரு நொடி பார்ப்பாளே, அதற்குத்தான் பயந்தேன். ராத்திரி முழுக்க யோசித்தேன். பார்க்கட்டும். பார்த்துவிட்டு அழுவாள். நானும் அழுவேன். அப்புறம் அடுப்பு எங்கே என்று கேட்பேன்.

போகப்போகிறேன். வருஷக் கணக்கு முடிக்கிற நேரத்தில் லீவு கேட்டால் மேனேஜர் முகம் கோணும், கோணட்டும். வீட்டில் இவரிடமும் இன்னும் சொல்லவில்லை. திவ்யாவிடம் டிக்கெட் எடுத்த பிறகுதான் சொல்வேன். முன்னாலேயே சொன்னால், எதுக்கு சித்தி உங்களுக்குச் சிரமம் என்று தடுத்துவிடுவாள். அதில் அவள் அப்படியே உன் மகள்.